குண்டு விழுந்தா லீவு உண்டா டீச்சர்?

உப்பங்காத்து டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். மண்டபம் பக்கம் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் வேலை, ஏழாம் வகுப்பு டீச்சர். போன வாரம் இரண்டு நாள் மழை லீவு. எங்கள் பிள்ளைகள் ராத்திரி பத்து மணி வரை அம்மா போனை வாங்கி வைத்துக்கொண்டு கலெக்டர் லீவு விட்டாரா விட்டாரா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள், அது எல்லா ஊரிலும் உள்ளதுதான். மூன்றாம் நாள் சமூக அறிவியல் பாடத்தில் பேச்சு எப்படியோ உக்ரைன், காசா என்று போய்விட்டது. கடைசி பெஞ்சில் ஒருவன் எழுந்து, "டீச்சர், அங்க குண்டு விழுந்தா லீவு விடுவாங்களா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்போது இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வருகிற ஒரு பெண், வாயே திறக்காத பிள்ளை, "எங்க அப்பம்மா ஊர்ல குண்டு விழுந்த மறுநாளும் பள்ளிக்கூடம் இருந்துச்சாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அதற்கு மேல் என்ன கேட்டும் பதில் இல்லை.

நான் இதே கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள். 1990ல் எனக்கு ஐந்து வயது. இலங்கையிலிருந்து படகு படகாக வந்து இறங்கினவர்களுக்கு எங்கள் தெருவே கஞ்சி காய்ச்சிக்கொண்டு போன கதையை அம்மா நூறு தடவை சொல்லியிருப்பார். எங்கே தங்கினார்கள், எதைச் சாப்பிட்டார்கள், யார் கடலோடு போனார்கள் எல்லாம் கேட்டிருக்கிறேன். ஆனால் அங்கே பள்ளிக்கூடம் எப்படி நடந்தது என்று, டீச்சர் வேலைக்கு வந்து பதினாலு வருஷம் ஆகியும், ஒரு நாளும் கேட்கத் தோன்றவில்லை. வெட்கமாக இருக்கிறது.

இப்போது விஷயம் என்னவென்றால், 14ஆம் தேதி குழந்தைகள் தினத்துக்கு "போர்க்களத்தில் ஒரு பள்ளி" என்று நாடகம் போடலாம் என்று எங்கள் ஸ்டாஃப் ரூமில் முடிவாகிவிட்டது. தலையில் கட்டு, சிவப்பு மை, மேடைக்குப் பின்னால் பட்டாசு, அந்த மாதிரி. வசனம் எழுதுகிற வேலை என் தலையில். எழுத உட்கார்ந்தால் ஒரு வரி வரவில்லை, ஏனென்றால் எனக்கு ஒன்றும் தெரியாது. யார் பாடம் நடத்தினார்கள், எங்கே உட்கார்ந்தார்கள், பரீட்சை நடந்ததா, புத்தகம் எங்கிருந்து வந்தது? நேரில் பார்த்தவர்கள், அப்படிப் படித்தவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள். நாடகம் போடுவது சரியா என்பதையும் சொல்லுங்கள்.


ஐஸ்பெட்டி:

டீச்சர், தப்பா நினைக்காதீங்க. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறவனுக்குப் பள்ளிக்கூடம் ஒரு கேடா என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. முதலில் சோறு, அப்புறம் கூரை, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

போர் இல்லாத ஊரிலேயே படிப்பு நிற்கிறதே, அதைப் பார்த்தீர்களா? நான் தங்கச்சிமடம். ஒன்பதாவது படிக்கும்போது எங்க அப்பாவை இலங்கைக் கடற்படைக்காரர்கள் படகோடு பிடித்துக்கொண்டுபோய் மூன்று மாதம் அந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். இங்கே வட்டிக்காரன் வாசலில் உட்கார்ந்துவிட்டான். நான் ஐஸ் உடைக்கப் போனேன். அப்பா திரும்பி வந்தார், நான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போகவில்லை. ஏன் வரலை என்று யாரும் வீட்டுக்கு வந்து கேட்கவும் இல்லை, பெயரை அடித்துவிட்டார்கள், அவ்வளவுதான். இந்தக் கரையில் என்னைப் போல எத்தனை பேர் என்று எண்ணிவிட்டு அப்புறம் உக்ரைனுக்குப் போகலாம்.

பட்டாசு மட்டும் வேண்டாம். முகாம் பிள்ளைகளின் பாட்டிமார் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது பின்னால் வெடி போடுவதா? யாருடைய யோசனை அது?


கச்சான்காத்து:

டீச்சர், உங்கள் வகுப்புப் பிள்ளை சொன்னது சரிதான். குண்டு விழுந்த மறுநாளும் பள்ளிக்கூடம் இருந்தது. சில நாள் அன்றைக்கே பின்னேரமும் இருந்தது.

நான் இலங்கையில் மன்னார் மாந்தைப் பக்கம். 1998ல் இங்கே வந்து இறங்கினேன், இப்போது முகாமில்தான் இருக்கிறேன், பெயின்ட் அடிக்கிற வேலை. எழுதிப் பழக்கம் குறைவு, நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியபோது நான் ஏழாம் ஆண்டு. எங்கள் அதிபர், நீங்கள் ஹெச்.எம். என்கிறீர்களே, அவர் முதலில் செய்த வேலை, பள்ளிக்கூடத்தைப் பள்ளிக்கூடத்திலிருந்து வெளியே எடுத்தது. ஓட்டுக் கூரை போட்ட நீளக் கட்டடம் மேலே இருந்து பார்க்கிறவனுக்கு என்னவாகத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சின்ன வகுப்புகளைக் கோயில் வளவுக்கு அனுப்பினார், எங்களைப் பனங்கூடலுக்குள் உட்கார வைத்தார், பெரிய வகுப்புகள் இரண்டு மூன்று வீட்டு விறாந்தைகளில். ஆசிரியர்கள்தான் சைக்கிளில் வகுப்புக்கு வகுப்பு ஓடுவார்கள். இது வீண் பயம் இல்லை. 1995 செப்டம்பர் 22ஆம் தேதி வடமராட்சி கிழக்கில் நாகர்கோவில் மகா வித்தியாலயத்தின் மேல் விமானம் குண்டு போட்டு இருபதுக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகள் செத்தார்கள். உங்கள் குமரி மாவட்டத்து நாகர்கோவில் இல்லை, எங்கள் பக்கத்திலும் அந்தப் பெயரில் ஓர் ஊர் உண்டு.

ஒவ்வொரு வகுப்புக்கும் பக்கத்தில் பங்கர், பதுங்கு குழி. 'ட' மாதிரி மடக்கி வெட்டுவோம், வாசலில் ஷெல் விழுந்தால் துண்டு நேரே உள்ளே போகாமல் மடக்கில் அடிபடும். மேலே பனங்குற்றி அடுக்கி, அதற்கு மேல் மண் மூட்டை. எங்கள் வகுப்பில் இடம் பிடிப்பதே பங்கரை வைத்துத்தான், கால் ஏலாத பிள்ளையும் குள்ளமான பிள்ளைகளும் பங்கர் வாசலுக்குக் கிட்ட, நெடுவல்கள் கடைசி. மார்க் எடுக்கிறவன் முன்வரிசை என்கிற கதையெல்லாம் கிடையாது. மாரிகாலத்தில் உள்ளே முழங்கால் அளவு தண்ணீர், தவளை, ஒரு தடவை பாம்பும். பெட்டைப் பிள்ளைகள் சிலர் குண்டு போடுகிற பொம்பருக்குப் பயப்படாமல் பாம்புக்குப் பயந்து வெளியே நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் நாடகத்துக்கு ஒன்று சொல்கிறேன். பொம்பர் போன பிறகு பங்கருக்குள் இருட்டிலேயே அதிபர் இடாப்புக் கூப்பிடுவார். நீங்கள் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் என்கிறீர்களே, அதுதான். இருட்டில் வாசிக்க முடியாது, முப்பத்தெட்டுப் பேரின் பெயரும் அவருக்கு வரிசையாகப் பாடம். ஒவ்வொருவராக "சேர்", "சேர்" என்று சொல்லுவோம், நீங்கள் சார் என்கிறதுதான். ஒருத்தன் சொல்லப் பிந்தினால் அந்த இடத்தில் நிற்பார், அடுத்த பெயருக்குப் போகவே மாட்டார். எனக்கு முன்னால் உள்ளவன் கொஞ்சம் மந்தம், அவன் பெயர் வந்தால் எங்களுக்கு மூச்சு நிற்கும்.

இன்னொன்று. குடும்பம் குடும்பமாகப் பேசாலையிலிருந்து வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போகத் தொடங்கியபோது அவர் ஒரு பெயரையும் வெட்டவில்லை. பெயருக்கு நேரே பென்சிலால் "இந்தியா" என்று எழுதிவிடுவார். ஏன் சேர் பென்சில் என்று கேட்டதற்கு, திரும்பி வந்தால் அழிக்கத்தானே வேண்டும் என்றார். ஐஸ்பெட்டித் தம்பி பெயரை அடித்துவிட்டார்கள் என்று எழுதியதை வாசித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது.

வெளியே உள்ளவர்களுக்கு விளங்காத சங்கதி ஒன்று உண்டு. அங்கே சண்டை பிடித்த அரசாங்கம்தான் ஆசிரியர்களுக்குச் சம்பளமும் கொடுத்தது, இலவசப் பாடப்புத்தகமும் அச்சடித்தது, ஓ.எல்., ஏ.எல். சோதனையும் வைத்தது, உங்கள் பத்தாவது, பன்னிரண்டாவது பரீட்சை மாதிரி. இரண்டு பக்கமும் சுட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரே வினாத்தாளைக் கொழும்பில் ஒரு பிள்ளையும் பனங்கூடலுக்குள் ஒரு பிள்ளையும் எழுதின. அந்த நூல் அறுந்திருந்தால் எங்கள் படிப்பைப் பிறகு யாரும் படிப்பென்று ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். நான் 1994 டிசம்பரில் ஓ.எல். எழுதினேன். ஆனால் 2022 மார்ச்சில், சண்டை முடிந்து பதின்மூன்று வருஷத்துக்குப் பிறகு, கொழும்பு இருக்கிற மேல் மாகாணத்தில் காகிதம் இல்லாமல் தவணைச் சோதனையைத் தள்ளிவைத்தார்கள். அந்தச் செய்தியை வாசித்துவிட்டு நான் சிரித்தேன், என் வீட்டு மனுசி என்னைப் பார்த்த பார்வை சரியில்லை.

பிறகு அங்கேயே மடு மாதா கோயில் அகதி முகாமில் இருந்தபோது தொண்டர் ஆசிரியராக இரண்டு வருஷம் படிப்பித்தேன். சம்பளம் இல்லை, பெற்றோர் அரிசி தருவார்கள். காட்டுக்குள் பாலை மரத்துக்குக் கீழே வகுப்பு, கரும்பலகை ஒன்று, வகுப்பு மூன்று, அதை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் எழுதுவோம். நோட்டுக் கொப்பிக்குத் தட்டுப்பாடு, முதலில் பென்சிலால் எழுதி, அதே பக்கத்தில் அதன் மேல் பேனையால் எழுதுவார்கள். இரவில் ஜாம் போத்தல் விளக்கு.

நாடகத்தில் சிவப்பு மை வேண்டாம் டீச்சர். இடாப்புக் கூப்பிட்டால் போதும்.


ஓய்வு ஹெச்.எம்.:

கச்சான்காத்து தம்பி எழுதியதன் மறுபக்கத்தை நான் சொல்கிறேன். பென்சிலால் "இந்தியா" என்று எழுதப்பட்ட பிள்ளைகள் வந்து நின்றது என் மேசை முன்னால்தான். 1990ல் ராமேஸ்வரம் தீவில் ஒரு பள்ளியில் பொறுப்பு ஹெச்.எம். ஆக இருந்தேன்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு வந்தவர்களைச் சேர்த்து ஏற்கெனவே பழக்கம் உண்டு, ஆனால் தொண்ணூறில் வந்த கூட்டம் வேறு. ஒரே மாதத்தில் பிள்ளைகள் எண்ணிக்கை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. காலையில் ஊர்ப் பிள்ளைகள், மதியத்துக்கு மேல் வந்த பிள்ளைகள் என்று ஷிஃப்ட் போட்டோம். ஒரு மாதத்தில் அதை நானே நிறுத்திவிட்டேன். மதிய ஷிஃப்டுக்கு "அகதி ஷிஃப்ட்" என்று பிள்ளைகளே பெயர் வைத்துவிட்டார்கள். வேப்ப மரத்தடி, புயல் காப்பகத்து மாடி, எங்கே இடம் கிடைத்ததோ அங்கே உட்காரட்டும், ஆனால் கலந்து உட்காரட்டும் என்று மாற்றினேன். சத்தம் அதிகம், பாடம் கொஞ்சம் கெட்டது, சண்டை குறைந்தது.

பெரிய தலைவலி டி.சி. கடலில் வருகிறவன் டி.சி. வாங்கிக்கொண்டா வருவான்? மேலிடத்தில் ஒருவர், டி.சி. இல்லாமல் சேர்த்தால் தணிக்கையில் நீர்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார். சொல்லிக்கொள்கிறேன் என்று சேர்த்தேன். இதை வீரமாகச் சொல்லவில்லை, அதே கையால் ஒரு பிழையும் செய்தேன். பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் வயதைக் கணக்குப் பார்த்து ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுவிட்டோம், அந்தக் காலத்தில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கே அப்படித்தான் நடந்தது. பதிவேட்டைப் பார்த்தால் ஈழத்தில் ஜூனைத் தவிர வேறு மாதத்தில் பிள்ளை பிறக்காதோ என்று தோன்றும். பின்னாளில் அங்கிருந்து உண்மையான பிறப்புச் சான்றிதழ் வந்து சேர்ந்தபோது, தேதி இரண்டும் ஒட்டாமல் அந்தப் பிள்ளைகள் அலைந்த அலைச்சல் இருக்கிறதே, அதில் என் பங்கு உண்டு. இப்போது யாராவது அந்த இடத்தில் இருந்தால், தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள், குறிப்பு என்ற கட்டத்தில் "பெற்றோர் வாய்மொழி" என்று போடுங்கள்.

இன்று சட்டம் இருக்கிறது. 2009ஆம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்க முடியாது, டி.சி. வரத் தாமதம் என்றும் நிறுத்தி வைக்க முடியாது, வயதுக்கு ஏற்ற வகுப்பில்தான் உட்கார வைக்க வேண்டும். உப்பங்காத்து டீச்சர், 2022ல் இலங்கைப் பொருளாதாரம் விழுந்த பிறகு அங்கிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் உங்களிடம் இருந்தால் இது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

மொழி ஒன்றுதானே, கஷ்டம் இருக்காது என்று நினைத்தோம். முதல் காலாண்டுத் தேர்வில் ஒரு பையன் அறிவியல் தாளில் தாவரம் காபனீரொட்சைட்டை (நம் கார்பன் டை ஆக்சைடு) எடுத்து ஒட்சிசனை (நம் ஆக்சிஜன்) வெளிவிடுகிறது என்று எழுதியிருந்தான். திருத்தியவர் இரண்டு இடத்திலும் பெருக்கல் குறி. அவன் என்னிடம் வந்து அழவில்லை, சண்டை போட்டான், எங்கள் புத்தகத்தில் இதுதான் சரி என்றான். அவன் சொன்னதுதான் நியாயம். அன்று மாலை ஆசிரியர்கள் எல்லோரும் உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டோம், அவர்கள் இரசாயனவியல் என்பது நமக்கு வேதியியல், பௌதிகவியல் என்பது இயற்பியல், இப்படி நூற்றுச் சொச்சம் சொல். ஸ்டென்சில் வெட்டி எல்லா வகுப்பிலும் ஒட்டினோம். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஒரு வாரம் ஒட்சிசன் ஒட்சிசன் என்று சொல்லித் திரிந்தார்கள், அந்தச் சொல் பிடித்துப்போய்விட்டது.

பள்ளி முடிந்ததும் முகாமில் மாலை வகுப்பு. 1984ல் சந்திரகாசன் என்பவர் ஈழ அகதிகளுக்காகத் தொடங்கிய ஒஃபர் என்ற தொண்டு அமைப்பு முகாம் இளைஞர்களையே ஆசிரியர்களாக வைத்து நடத்தியது. இடையில் தொண்ணூறுகளில் தொண்டு நிறுவனங்களை முகாமுக்குள்ளேயே விடாத வருடங்கள் இருந்தன, அப்போதும் திண்ணையில் யாரோ ஒரு பெண் பத்துப் பிள்ளைகளை உட்கார வைத்து வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள்.


கீழக்கரைக்காரி:

நான் பல வருடமாக வெளிநாட்டில் நிவாரண வேலை, பெரும்பாலும் பள்ளிகள் சம்பந்தப்பட்டது. ஐஸ்பெட்டி அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி, எங்கள் கூட்டங்களிலும் முதல் ஆளாக யாராவது அதைக் கேட்பார்கள், சோறு முதலில் என்று. ஆனால் முகாமில் சோறு யாருக்குப் போய்ச் சேர்ந்தது, எந்தப் பிள்ளைக்குத் தடுப்பூசி போடவில்லை, எந்தப் பிள்ளை இரண்டு நாளாகக் காணவில்லை என்பது எப்படித் தெரியும்? தினம் ஒரே நேரத்தில் பெயர் கூப்பிடுகிற இடம் ஒன்று இருந்தால்தான் தெரியும். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வீடு எது என்பதும் அங்கேதான் தெரியவரும்.

உக்ரைனில் கார்கீவ் நகரம் ரஷ்ய எல்லைக்கு மிகப் பக்கம், சைரன் ஊதி ஓட நேரம் இருக்காது. 2022ல் போர் தொடங்கியதும் மெட்ரோ ரயில் நிலையத்துக்குள் வகுப்பறை கட்டிவிட்டார்கள், ஆயிரத்துக்கும் மேல் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். பாஸ்னியாவில் சரயேவோ முற்றுகையில், 1992 முதல் கிட்டத்தட்ட நாலு வருடம், அடுக்குமாடி வீட்டுப் படிக்கட்டிலும் நிலவறையிலும் வகுப்பு நடந்தது, தெருவைக் கடந்தால் சுடுவான் என்பதால் அந்தந்தக் கட்டடத்தில் குடியிருந்த ஆசிரியர் அந்தந்தக் கட்டடத்துப் பிள்ளைகளுக்கு. வடவியட்நாமில் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்ட காலத்தில் பிள்ளைகள் வைக்கோலைத் தடியாகப் பின்னிய தொப்பி போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போவார்கள், சிதறுகிற துண்டு தலையில் படாமல் இருக்க. நம் ஊரில் என்றால் பனை ஓலையில் பின்னியிருப்போம். கச்சான்காத்து அண்ணனின் அதிபர் இவை எதையும் படித்திருக்க மாட்டார், ஆனால் எல்லோரும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள், பள்ளியைத் துண்டு துண்டாக்கிப் பிள்ளை இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோவது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேறு இடத்துக்குப் போவதும் ஒரு வழி. இங்கிலாந்தில் 1939 செப்டம்பர் 1ஆம் தேதி தொடங்கி மூன்று நாலு நாளில் சுமார் 15 லட்சம் பேரை ஊர்ப்பக்கம் அனுப்பினார்கள், பாதிக்கு மேல் பள்ளிப் பிள்ளைகள், சட்டையில் பெயர்ச் சீட்டுக் குத்தி, ஆசிரியர்களும் கூடவே. அங்கேயும் ஷிஃப்ட் முறைதான் ஐயா, காலையில் உள்ளூர், மதியம் வந்தவர்கள். அடுத்த ஜனவரிக்குள் கிட்டத்தட்டப் பாதிப் பேர் வீட்டுக்கே திரும்பிவிட்டார்கள், அம்மாவை விட்டுப் பிள்ளை எத்தனை நாள் இருக்கும்? திரும்பி வந்தால் லண்டனில் பள்ளிகள் பூட்டிக் கிடக்கின்றன. அதுதான் அவர்கள் கணக்குப் போடாத விஷயம்.

காசாவில் இந்த வழி ஒன்றும் வேலை செய்யவில்லை. 2023 அக்டோபருக்குப் பிறகு ஆறு லட்சத்துக்கும் மேல் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லாமல் போனது, பள்ளிக் கட்டடங்களே தங்குமிடமாகி, தங்குமிடமே இலக்காகி, 2024ல் சுமார் 39,000 பேர் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுத முடியவில்லை. துண்டு துண்டாக்க ஒரு பாதுகாப்பான மூலையாவது வேண்டும். அதைப் பற்றி இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

யுனிசெஃப் ஒரு பெட்டி வைத்திருக்கிறது, பெட்டிக்குள் பள்ளி என்பார்கள். ஒரு ஆசிரியருக்கும் 40 பிள்ளைகளுக்கும் வேண்டியது உள்ளே இருக்கும், சிலேட்டு, பென்சில், கத்தரிக்கோல், மணி பார்க்கக் கற்றுக்கொடுக்கிற மரக் கடிகாரம். கூடவே கரும்பலகைப் பெயின்ட், பெட்டி மூடியில் அடித்தால் அதுவே போர்டு. நான் திறந்த முதல் பெட்டியில் பிள்ளைகள் எல்லோரும் எடுத்துப் பார்த்தது அந்தக் கடிகாரத்தைத்தான். முகாமில் நேரம் என்று ஒன்று இல்லாமல் போயிருந்தது, பத்து மணிக்குக் கணக்கு என்று சொன்னால் பத்து மணிக்குக் கணக்கு வந்தது, அது அவர்களுக்குப் பெரிய விஷயம்.

டீச்சர், நாடகம் வேண்டாம். அதைவிட முக்கியம், அந்தப் பெண்ணை வகுப்பின் முன்னால் நிறுத்தி உன் பாட்டி கதையைச் சொல் என்று கேட்டுவிடாதீர்கள். சொல்ல வேண்டும் என்று தோன்றினால் அவளே சொல்லுவாள், ஒரு தடவை சொன்னாளே.


ஐஸ்பெட்டி:

கார்கீவ் கதையில் ஒரு திருத்தம், நானும் செய்தி பார்க்கிறவன்தான். போர் தொடங்கியதும் மெட்ரோவில் ஜனங்கள் ஒளிந்துகொண்டு கிடந்தார்கள், வகுப்பறை என்று சுவர் வைத்து ஒழுங்காகத் தொடங்கியது 2023 செப்டம்பரில். அதுவரைக்கும் ஆன்லைன். போன் இல்லாத வீட்டுப் பிள்ளை என்ன செய்தது என்று யாரும் சொல்லமாட்டேன் என்கிறார்களே.

மற்றபடி எல்லாம் நன்றாகத்தான் எழுதுகிறீர்கள். பெயரைப் பென்சிலில் எழுதின ஆளை எனக்குப் பிடித்திருக்கிறது. சோறு முதலில் என்பதை நான் மாற்றிக்கொள்ளவில்லை.


கீழக்கரைக்காரி:

ஆமாம் அண்ணே, 2023 செப்டம்பர்தான், நான் அவசரத்தில் சேர்த்து எழுதிவிட்டேன். முதல் வருடம் நிலையத்தில் தன்னார்வலர்கள் பிள்ளைகளை வைத்து விளையாட்டு, படம் வரைதல் என்று நடத்தியது உண்டு, பாடம் இல்லை. 2024 மேயில் பூமிக்கடியில் முழுப் பள்ளியே ஒன்று கட்டித் திறந்தார்கள். போன் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான்.


கச்சான்காத்து:

தம்பி, சோறு முதலில் என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன், பசித்தவன்தான் சொல்லுகிறேன். ஆனால் சண்டை நடக்கிற ஊரில் வீட்டில் சும்மா இருக்கிற பதினைந்து வயதுப் பெடியனை ஆளாளுக்கு ஒவ்வொரு வேலைக்குக் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டான் என்று ஒரு தாய் சொல்ல முடிவது சாதாரணக் காரியம் இல்லை. அதற்கு மேல் இங்கே நான் எழுதவில்லை.

உங்கள் பெயரை அடித்தவர் வீட்டுக்கு ஒரு தடவையாவது வந்திருக்கலாம்.


உப்பங்காத்து டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. ரெண்டு வாரமாகப் பதில் போடவில்லை, மன்னியுங்கள். நாடகம் நின்றது. ஸ்டாஃப் ரூமில் கொஞ்சம் மனஸ்தாபம், பட்டாசு ஏற்கெனவே வாங்கிவிட்டார்களாம். ஓய்வு ஹெச்.எம். ஐயா சொன்ன மாதிரி ஒரு சொல் பட்டியல் மட்டும் போட்டோம், அவர்கள் கொப்பி நாம் நோட்டு, அவர்கள் அதிபர் நாம் ஹெச்.எம்., அவர்கள் இடாப்பு நாம் ரிஜிஸ்டர். முகாம் பிள்ளைகளே தெரியாது என்றார்கள், வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார்கள், அந்தப் பெண் மட்டும் நாற்பத்தியொரு சொல். அப்பம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறாள் என்பது எழுத்திலேயே தெரிந்தது, நடுவில் ஒரு இடத்தில் பெரியவர்கள் கையெழுத்து.

14ஆம் தேதி காலை மழை பெய்து வகுப்பில் கரண்ட் இல்லை. இருட்டாக இருந்ததால் விளையாட்டாகச் சொன்னேன், ரிஜிஸ்டரைத் திறக்காமல் பெயர் கூப்பிடுகிறேன் என்று. முப்பத்தியாறு பேரில் முப்பத்தியொன்று வரைக்கும் வந்தது, அப்புறம் தடுமாறிவிட்டேன். விட்டுப்போன அஞ்சு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அதில் இரண்டு பேர் நவராத்திரி லீவு முடிந்ததிலிருந்து பள்ளிக்கு வராதவர்கள் என்று பிறகுதான் உறைத்தது, அவர்கள் எங்கே முகத்தைத் தூக்குவது, மூன்று பேர்தான். ஒருவன் அப்பாவோடு கருவாட்டுக் கொட்டகையில் இருக்கிறானாம். சனிக்கிழமை போகிறேன்.

கச்சான்காத்து அண்ணே, ஜாம் போத்தல் விளக்கு என்று எழுதினீர்களே, பிள்ளைகள் விடமாட்டேன் என்கிறார்கள். இங்கே ஜாம் பாட்டில் கிடைத்துவிட்டது. செய்முறை சொல்லுங்கள். மண்ணெண்ணெயை நான்தான் தொடுவேன், பயப்படாதீர்கள்.


கச்சான்காத்து:

போத்தலுக்கு அடியில் பஞ்சு வையுங்கள், கைப்பிடி அளவு போதும். அது நனைகிற அளவுக்கு மட்டும் எண்ணெய், மிதக்கக் கூடாது, எங்களுக்கு மிதக்க விட எண்ணெயும் இல்லை. சைக்கிள் ட்யூபின் பழைய வால்வுக் கட்டைக்குள் நூல் திரியைக் கோத்து, கம்பியால் மூன்று கால் கட்டி, பஞ்சின் மேல் நிற்க வையுங்கள். திரியின் அடி பஞ்சில் முட்ட வேண்டும். சுடர் நெல்லு மணி அளவுதான் நிற்க வேண்டும், அதற்கு மேல் போனால் திரியைக் கீழே இழுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடி கறுத்துப்போகும். வாயை மூடாதீர்கள், மூடினால் அணைந்துவிடும்.

ஒரு போத்தலுக்கு நாலு பிள்ளைகள் சுற்றி உட்காரலாம். புத்தகத்தை விளக்குக்குக் கிட்டக் கொண்டுபோக விடாதீர்கள், என் தலைமயிர் இரண்டு தடவை பொசுங்கியிருக்கிறது.


ஐஸ்பெட்டி:

டீச்சர், அந்தக் கொட்டகை எங்கே இருக்கிறது, பாம்பன் பக்கமா? சனிக்கிழமை நானும் கரையில்தான் இருப்பேன், வேண்டுமென்றால் கூட வருகிறேன். முதலாளி எனக்குத் தெரிந்தவராக இருக்கலாம்.